"முடிக்கவும்" என்று நான் எழுதிய படம்

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள். ஒரு டீச்சர் தன்னுடைய பிழையை ஊருக்குச் சொல்லும் பதிவு இது. பிள்ளையிடமும் வீட்டாரிடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயர், வகுப்பு, பாடசாலை எதுவும் போடவில்லை. யாரென்று விளங்கியவர்கள் தயவுசெய்து கமென்டில் எழுத வேண்டாம்.

நான் படிப்பிப்பது தமிழ். ஆனால் சித்திரத்துக்கு ஆசிரியர் இல்லாத பாடசாலையில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். யாருடைய நேரசூசியில் இடம் இருக்கிறதோ அவருடைய தலையில் சித்திரம் விழும். போன வருடம் என் தலையில் விழுந்தது.

"எங்கள் ஊர்" என்று தலைப்புக் கொடுத்தேன். வகுப்பில் பெரும்பாலான பிள்ளைகள் கீறியது ஒரே படம். இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஒரு ஆறு, ஓரத்தில் ஒரு வீடு, ஒரு தென்னை. முல்லைத்தீவில் எந்த மூலையில் போய் நின்றாலும் அப்படி இரண்டு மலைக்கு நடுவில் சூரியன் உதிக்காது. ஆனாலும் துப்புரவாகக் கீறியிருந்தார்கள். 75, 80 என்று புள்ளி போட்டேன்.

ஒரு பிள்ளை மட்டும் தாள் முழுவதையும் பஸ்டலால் கறுப்பாக்கிக் கொண்டுவந்தான். வலது பக்கம், கொஞ்சம் மேலே, குண்டுமணி அளவில் ஒரு மஞ்சள் புள்ளி. வேறு ஒன்றும் இல்லை. வகுப்பில் அடங்கி இராத பிள்ளை அவன். ஒன்றில் பக்கத்தில் இருப்பவனைச் சீண்டுவான், இல்லாவிட்டால் மேசையில் தலையை வைத்துத் தூங்குவான். இந்தப் படத்துக்கு மூன்று பாடவேளை எடுத்திருந்தான்.

"என்ன இது?"

"ஊர், டீச்சர்."

"ஊர் எங்க?"

பேசவில்லை.

"போய் முடிச்சுக்கொண்டு வா."

"முடிஞ்சுது டீச்சர்."

பகிடி பண்ணுகிறான் என்று நினைத்தேன். சிவப்புப் பேனையை எடுத்து, மஞ்சள் புள்ளிக்குக் கீழே கறுப்புப் படாமல் இருந்த ஓரத்தில் "முடிக்கவும்" என்று எழுதினேன். 35 போட்டேன். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் தடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் சித்திரக் கொப்பி கொண்டுவருவதில்லை. கேட்டால் மறந்துவிட்டது என்பான். நானும் பெரிதாக எடுக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, வகுப்பில் தூங்குவதைப் பற்றிப் பேச வீட்டாரை வரச் சொன்னோம். உம்மம்மாதான் வந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"இரவில படுக்கிறான் இல்ல மகள். அவன்ட வாப்பா கச்சானுக்குக் காவலுக்குப் போறார். யானை வருதுதானே. இவன் வாசல்ல இருந்து அவர்ட டோர்ச் வெளிச்சம் தெரியுதா எண்டு பார்த்துக்கொண்டே இருக்கான். வெளிச்சம் அசைஞ்சாத்தான் உள்ள வருவான். ரெண்டு மணி, மூண்டு மணி ஆகும்."

வன்னியில் இருப்பவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. யானை வெடியும் ஒரு டோர்ச்சும் வைத்துக்கொண்டு விடிய விடியக் காவல் இருக்கும் ஆம்பிளைகள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள்.

அவர் போனதும் அலுமாரியிலிருந்து அந்தப் படத்தை எடுத்தேன். நான் "முடிக்கவும்" என்று எழுதியிருந்தது அவனுடைய வாப்பாவின் வெளிச்சத்துக்குக் கீழே. எனக்குக் கை குளிர்ந்துவிட்டது.

அன்றிரவு எனக்குக் கல்வியியற் கல்லூரிக் காலம் ஞாபகம் வந்தது. ஒருநாள் விரிவுரையாளர் ஒருவர் திரையில் ஒரு ஓவியத்தைக் காட்டினார். நடுவில் பெரிய கறுப்பு வட்டம், சுற்றிவரச் சதுரங்கள். "இதை நானும் கீறுவேன்" என்று பின்னால் இருந்து யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தோம். நானும்தான். அவர் கோபப்படாமல் ஓவியரின் பெயரை மட்டும் பலகையில் எழுதிவிட்டுப் போனார். சையத் ஹைதர் ரஸா. இத்தனை வருடம் கழித்து அந்தப் பெயரை போனில் தேடினேன். ஸுபஹ் வரை வாசித்தேன்.

ரஸா 1922ல் இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில், மண்ட்லா மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். வாப்பா வன இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். ஆகவே சின்ன வயது முழுக்கக் காட்டுக்குப் பக்கத்தில். இரவில் காடு தனக்குப் பயத்தைத் தந்தது என்றும், விடிந்தபிறகுதான் மனம் ஆறும் என்றும், சந்தை நாளில் வெயிலில் தெரிந்த நிறங்களை மறக்கவே முடியாது என்றும் பின்னாளில் சொல்லியிருக்கிறார். காட்டு இருட்டை வாசலில் இருந்து பார்த்த இன்னொரு பிள்ளை.

அவரும் பாடசாலையில் அடங்கி இராத பிள்ளைதான். ஆரம்பப் பாடசாலையில் நந்த்லால் ஜாரியா என்ற ஆசிரியர், ஒருநாள் வகுப்பு முடிந்தபிறகு அவரை நிறுத்தி, விறாந்தைச் சுவரில் ஒரு புள்ளியை வைத்து, "மற்ற எல்லாவற்றையும் மறந்துவிட்டு இதையே பார்த்துக்கொண்டிரு" என்ற மாதிரிச் சொல்லி உட்கார வைத்தாராம். அடிக்கவில்லை, ஏசவில்லை. ஒரு புள்ளி வைத்தார். ஏறத்தாழ ஐம்பது வருடம் கழித்து அந்தப் புள்ளி ரஸாவின் ஓவியங்களில் திரும்பி வந்தது. "பிந்து" என்று பெயர். நாங்கள் சிரித்த அந்தக் கறுப்பு வட்டம் அதுதான்.

ஒரு ஆசிரியர் வைத்த புள்ளி ஒரு மனிதனை உலகம் வரைக்கும் கொண்டுபோயிருக்கிறது. நான் ஒரு பிள்ளை வைத்த புள்ளிக்குக் கீழே சிவப்புப் பேனையால் எழுதினேன்.

"இதை நானும் கீறுவேன்" என்று அன்று சிரித்தோமே, அந்த இடத்துக்கு வர அவருக்கு எவ்வளவு காலம் எடுத்தது என்று பாருங்கள். நாக்பூரில் ஓவியப் பள்ளி, பிறகு மும்பாயில் ஜே.ஜே. ஓவியப் பள்ளி. ஆள், வீடு, தெரு எல்லாம் ஒழுங்காகக் கீறப் பழகினார். 1947ல் மும்பாயில் சூசா, ஆரா, ஹுசைன் போன்றவர்களுடன் சேர்ந்து முற்போக்கு ஓவியர் குழுவைத் தொடங்கினார். 1948ல் காஷ்மீர் போயிருந்தபோது அவருடைய படங்களைப் பார்த்த பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்ரி கார்த்தியே பிரெஸ்ஸோன், திறமை இருக்கிறது, ஆனால் படத்துக்குள் கட்டுமானம் இல்லை, செஸானின் ஓவியங்களைப் படி என்றார். ரஸா கோபிக்கவில்லை. பிரெஞ்சு மொழி படித்தார், புலமைப்பரிசில் எடுத்தார், 1950ல் பாரிஸ் போனார்.

அங்கே ஆரம்பத்தில் வீடுகள், தேவாலயங்கள், கிராமங்கள் வரைந்தார். பிறகு எண்ணெய் வர்ணத்தைத் தடிப்பாகப் பூசத் தொடங்கினார். இந்த எண்ணெய் வர்ணத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நாங்கள் பாடசாலையில் பாவிக்கும் வோட்டர் கலர் தண்ணீர் வற்றியதும் காய்ந்துவிடும். எண்ணெய் வர்ணம் அப்படி இல்லை. நிறப்பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்துச் செய்வது. அந்த எண்ணெய் வற்றுவதில்லை, காற்றோடு சேர்ந்து மெதுவாக இறுகுகிறது. மெல்லிய பூச்சுக்கே நாட்கள் வேண்டும். தடிப்பாகப் பூசினால் வாரங்கள், மாதங்கள். கீழே உள்ளது இறுகும் முன் மேலே அவசரப்பட்டுப் பூசினால் பிறகு வெடிக்கும். ஆகவே ஓவியர் பூசுவார், காத்திருப்பார், திரும்பப் பார்ப்பார், பிடிக்காவிட்டால் கத்தியால் சுரண்டிவிட்டு மறுபடி பூசுவார். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு அவர் சும்மா இருப்பது போலத்தான் தெரியும்.

அப்படிப் பூசப் பூச, ரஸாவின் வீடுகளின் கோடுகள் கரைந்தன. கூரை எது வானம் எது என்று பிரிக்க முடியாமல் நிறம் மட்டும் மிஞ்சியது. 1956ல் பிரான்ஸில் விமர்சகர்கள் கொடுக்கும் விருது அவருக்குக் கிடைத்தது. பிரெஞ்சுக்காரர் அல்லாத ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் தடவை. 1962ல் அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கப் போனபோது மார்க் ரொத்கோவின் ஓவியங்களைப் பார்த்தார். உருவமே இல்லாமல் நிறம் மட்டும் மனதோடு பேசும் என்ற துணிவு அங்கே கூடியது.

பேரும் புகழும் வந்தபிறகுதான் அவருக்கு ஒரு குறை தெரிந்தது. நன்றாக வரைகிறேன், ஆனால் என்னுடைய மண் இதில் எங்கே என்று கேட்கத் தொடங்கினார். எழுபதுகளில் இந்தியாவுக்குத் திரும்பத் திரும்பப் போய்வந்தார். பல ஓவியங்களுக்கு "லா தேர்" என்று பெயர் வைத்தார். பிரெஞ்சில் அதற்கு மண், பூமி என்று பொருள். அவற்றில் மரமும் இல்லை, வீடும் இல்லை. கறுப்பு, மண்ணிறம், இடையில் நெருப்பு மாதிரிச் சிவப்பு. அதற்குப் பிறகு வந்ததுதான் பிந்து. அந்தக் காலத்தில் எண்ணெயை விட்டு, சீக்கிரம் காயும் அக்ரிலிக் வர்ணத்துக்கு மாறியிருந்தார். ஆனால் காத்திருக்கும் பழக்கம் மாறவில்லை.

இதில் எங்கள் ஊருக்கு நெருக்கமான ஒரு பகுதி இருக்கிறது. இந்தியா பிரிந்தபோது ரஸாவின் சகோதரர்களும் முதல் மனைவியும் பாகிஸ்தான் போய்விட்டார்கள். 1947ல் உம்மா மௌத்தானார், 1948ல் வாப்பா. இவர் போகவில்லை. இது என் மண் என்று நின்றார். பிரான்ஸில் 60 வருடம் இருந்தும் இந்தியக் குடியுரிமையை விடவில்லை. மனைவி ஜனீன் 2002ல் காலமானார். 2010ன் கடைசியில், 88 வயதில், டில்லிக்குத் திரும்பி வந்தார். 2016 ஜூலை 23ல் மௌத்தானபோது அவருடைய விருப்பப்படியே மண்ட்லாவில், வாப்பாவின் கப்ருக்குப் பக்கத்தில் அடக்கினார்கள்.

1990 ஒக்டோபரில் முல்லைத்தீவிலிருந்து வெளியேறிய குடும்பத்தில், புத்தளத்துக் கிடுகுக் கொட்டிலில் பிறந்தவள் நான். இந்த ஊரை முதன்முதலில் பார்க்கும்போது எனக்கு வயது இருபதுக்குக் கிட்ட. அதற்கு முன் என்னிடம் ஊர் என்று இருந்தது என்ன? உம்மா சொல்லும் கிணற்றடி, வாப்பா சொல்லும் குளக்கட்டு. முகம் இல்லை, உருவம் இல்லை. சிவந்த மண் என்ற ஒரு நிறம் மட்டும் இருந்தது. அந்தக் காலத்தில் யாராவது "எங்கள் ஊர்" என்று தலைப்புத் தந்திருந்தால் நானும் இரண்டு மலைதான் கீறியிருப்பேன். உண்மையைக் கீறியிருந்தால் தாள் முழுக்கச் சிவப்புப் பூசியிருக்க வேண்டும். அதற்கும் ஒரு டீச்சர் 35 போட்டிருப்பார்.

அடுத்த நாள் அவனைக் கூப்பிட்டேன். படத்தை மேசையில் வைத்து, "இத எப்பிடிக் கீறின?" என்று கேட்டேன். "என்ன இது" என்று கேட்கவில்லை. முதலில் பயந்தான். பிறகு சொன்னான்.

முதலில் மஞ்சள் புள்ளியை வைத்தானாம். பிறகு தாள் முழுக்க நீலம். அதற்கு மேல் மண்ணிறம். அதற்கு மேல் கறுப்பு. புள்ளியில் படாமல் சுற்றிவர விரலால் தேய்த்தானாம்.

"ஏன், நேரடியாக் கறுப்பு அடிச்சா என்ன?"

"இருட்டு ஒரே கறுப்பு இல்ல டீச்சர். பார்த்துக்கொண்டே இருந்தா உள்ளுக்கு நீலம் தெரியும்."

தாளை யன்னல் பக்கம் சரித்துப் பார்த்தேன். தெரிந்தது. மூன்று பாடவேளை அவன் செய்தது அதைத்தான். நான் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன்.

"டீச்சர் பிழையா எழுதிட்டன். மன்னிச்சுக்கொள்" என்றேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டு எங்களுக்கும் பழக்கமில்லை, கேட்கப்பட்டு அவர்களுக்கும் பழக்கமில்லை.

அந்தத் தவணை முடிவில் ஒரு சின்னச் சித்திரக் கண்காட்சி வைத்தோம். பெரிய செலவு இல்லை. மண்டபத்தில் கயிறு கட்டி, உடுப்புக் கிளிப்பில் படங்களைத் தொங்கவிட்டோம். ஒரு பாடம் படித்தேன். படங்களை நெருக்கித் தொங்கவிட்டால் எதையும் யாரும் பார்ப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு முழம் இடம் விட வேண்டும். பார்ப்பவரின் கண் உயரத்தில் இருக்க வேண்டும். வெயில் நேரே விழாத பக்கமாக இருக்க வேண்டும். பெரிய கண்காட்சிகளிலும் இதே கவனம்தான். 2023ல் பாரிஸின் பொம்பிடு நிலையத்தில் ரஸாவின் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். அந்த மண்டபப் படங்களைப் போனில் பார்த்தபோது சுவரில் பாதி வெறுமையாகத்தான் இருந்தது.

பிள்ளைகளிடமே தலைப்பு எழுதச் சொன்னேன். அவன் சின்னத் துண்டில் "இரவு 2 மணி" என்று எழுதி ஒட்டினான். என்னுடைய சிவப்பு எழுத்து இருந்த ஓரத்தை வெட்டிவிடலாமா என்று கேட்டேன். "வேணாம் டீச்சர், படம் சின்னதாப் போயிரும்" என்றான். அப்படியே தொங்கவிட்டோம்.

கண்காட்சிக்கு முன் சிலர் கேட்டார்கள், சித்திரம் கீறுவது மார்க்கத்தில் கூடுமா என்று. உயிருள்ளவற்றை வரைவதில் உலமாக்களிடம் கருத்து வேறுபாடு இருக்கிறது. அதில் பேச எனக்குத் தகுதி இல்லை, அவர்களிடம் கேளுங்கள். ஆனால் ஒன்றைச் சொல்லலாம். உருவம் இல்லாத அழகு எங்களுக்குப் புதிதில்லை. பள்ளிவாசல் சுவரில் கோடும் வட்டமும் ஒன்றுக்குள் ஒன்று போகும் வேலைப்பாட்டை யாரும் "இது என்ன படம்" என்று கேட்பதில்லை. உம்மம்மாமார் இழைத்த பன் பாயில் சிவப்பும் பச்சையுமாக ஓடும் கரையைப் பார்த்து "இதில் வீடு எங்கே" என்று கேட்டதில்லை. பார்த்தவுடன் மனதுக்குப் பிடித்தது, அவ்வளவுதான். தாளில் வந்ததும்தான் கேட்கிறோம்.

கண்காட்சி அன்று வந்த ஒரு தாய், அந்தப் படத்துக்கு முன் நின்று, "முடிக்கவும் எண்டுதான் படத்துக்குப் பேரா டீச்சர்? நல்ல பேர்" என்றார். பக்கத்தில் நின்ற ஆசிரியர்கள் என்னைப் பார்த்தார்கள். "இல்ல, அது நான் எழுதின பிழை" என்று சொன்னேன். அன்று அதை ஏழெட்டுப் பேருக்குச் சொல்ல வேண்டி வந்தது.

அவனுடைய வாப்பா மத்தியானம் கடந்து வந்தார். காவலால் வந்து படுத்து எழும்பி வந்த முகம். படத்துக்கு முன் நின்றார். முதலில் ஒன்றும் விளங்கவில்லை என்று தெரிந்தது. பிறகு "இரவு 2 மணி" என்பதை வாசித்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். மகனைப் பார்த்து,

"நீ ரெண்டு மணிக்கும் முழிச்சா இருக்கிற?" என்றார்.

பாராட்டு இல்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. உண்மையில் கோபம். பிள்ளையின் முகம் வாடிவிட்டது. எனக்கும் வயிற்றைக் கலக்கியது. ஆனால் அவர் போகவில்லை. கைலியை ஒரு கையால் பிடித்தபடி நிறைய நேரம் நின்றார். கடைசியில் என்னிடம், "டீச்சர், இது நான் பரண்ல இருந்து பார்க்கிற மாதிரி இல்ல. எனக்கு எங்கட வீட்டு லைட் இதே மாதிரித்தான் தெரியும்" என்றார்.

அவர் அங்கிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இவன் இங்கிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

இப்போது அவர் இரவு ஒன்பது மணிக்கு மூன்று தடவை டோர்ச்சை அணைத்து அணைத்துக் காட்டுகிறாராம். மகன் வீட்டு லைட்டை ஒருதரம் அணைத்துப் போட்டுவிட்டுப் படுக்கப் போக வேண்டும். அது ஒப்பந்தம். எல்லா நாளும் படுக்கிறான் என்று சொல்ல முடியாது. வகுப்பில் இன்னும் பக்கத்தில் இருப்பவனைச் சீண்டுகிறான். ஆனால் சித்திரக் கொப்பி வருகிறது. குவளை, கதிரை, வாழைப்பழம் என்று பார்த்துக் கீறவும் வைக்கிறேன். ரஸாவுக்கு அந்தப் பிரெஞ்சுக்காரர் சொன்னது அவனுக்கும் பொருந்தும். கறுப்பு மட்டும் பூசினால் போதாது, கையும் பழக வேண்டும்.

பெற்றோருக்கும் சக ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை விளங்காத படம் ஒன்றைக் கொண்டுவந்தால் "இது என்ன" என்று உடனே கேட்காதீர்கள். "எப்பிடிக் கீறின, முதல்ல எந்த நிறத்த எடுத்த" என்று கேளுங்கள். எனக்கு அந்தக் கேள்வி இரண்டு மாதம் பிந்தித்தான் வந்தது.

இந்தத் தவணையும் கண்காட்சி வைக்கப் போகிறோம், இன்ஷா அல்லாஹ். திகதியைப் பாடசாலையால் அறிவிப்பார்கள். வீட்டில் மிச்சமான பெயின்ட், பாவித்த தூரிகை, ஒரு பக்கம் வெறுமையான காட்போட் மட்டை இருந்தால் கொடுத்து உதவுங்கள். வருபவர்கள் ஒவ்வொரு படத்துக்கு முன்னும் ஒரு நிமிடமாவது நில்லுங்கள். போட்டோ எடுப்பது பிறகு.

காவலுக்குப் போகும் எல்லா வாப்பாமாரையும் அப்பாமாரையும் அல்லாஹ் பாதுகாக்கட்டும்.